மறக்கும் மணல், மறக்காத சரளை

(இயற்கை ஆர்வலர்களின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடற்கரையும் பாலைவனமும் ஒரே இடத்தில் இருக்க முடியுமா என்று கேட்டால், பள்ளியில் புவியியல் படித்தவர்கள்கூட ஒரு கணம் தயங்குவார்கள். கண்ணெதிரே பெருங்கடல் கிடக்கிறது, அதன் விளிம்பிலேயே நிலம் வறண்டு கிடக்கிறது என்றால் மனம் ஒப்புவதில்லை. ஆனால் உலகத்தின் மிக வறண்ட நிலங்களில் சில கடலோரத்தில்தான் இருக்கின்றன. தென்னமெரிக்காவில் அட்டகாமா அப்படி. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் நமீப் அப்படி. நமீப், அங்கோலாவின் தெற்கில் தொடங்கி, நமீபியாவின் கரை முழுவதும் ஓடி, தென்னாப்பிரிக்காவுக்குள் போய் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அகலம் பல இடங்களில் 150 கிலோமீட்டரைத் தாண்டாது.

இந்த நிலத்துக்கு இன்று ஏராளமான பயணிகள் போகிறார்கள். மணற்குன்றின் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நமீப்பில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி கணுக்கால் உயரத்துக்குக் கீழே இருக்கிறது, அதுவும் விடியற்காலையில் சில மணி நேரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே கரையிலிருந்து கிழக்கு நோக்கி நடக்கிறவர் பார்க்கும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். நீங்களும் கூடவே நடந்து வாருங்கள்.

முதலில் கடலைச் சொல்ல வேண்டும். இந்தப் பாலைவனத்தை உண்டாக்கியதே கடல்தான். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி பெங்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுகிறது. தெற்கிலிருந்து விடாமல் வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. வெயில் கொளுத்தும் நாட்டில், கடல்நீர் மட்டும் பல மாதங்கள் 15 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அந்த நீரின் மேல் படியும் காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது. அதற்கு மேலே உயரத்திலிருந்து இறங்கும் உலர்ந்த சூடான காற்று, பானையின் வாயை மூடிய தட்டாக உட்கார்ந்திருக்கிறது. ஈரக்காற்று மேலே எழ வழியில்லை. எழாத காற்று மேகமாகத் திரண்டு மழையாகக் கொட்டுவதில்லை. நம் வங்கக் கடல் வெதுவெதுப்பானது, அதன் காற்று எழுகிறது, சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை கிடைக்கிறது. நமீப் கரையிலுள்ள வால்விஸ் பே துறைமுகத்துக்கோ ஆண்டுச் சராசரி 20 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டுமே கடலோர ஊர்கள்தான். வேறுபாடு கடல்நீரின் வெப்பத்திலும் மேலே உள்ள காற்றிலும் இருக்கிறது.

மழையைத் தடுத்த அதே குளிர், வேறொன்றைத் தருகிறது. மூடுபனி. ஸ்வாகொப்முண்ட் போன்ற கரையோர ஊர்களில் ஆண்டுக்கு 100 நாட்களுக்கு மேல் பனி மூடுகிறது. இரவில் கடலிலிருந்து புறப்பட்டு, சில நாட்களில் 50, 60 கிலோமீட்டர் வரையிலும் உள்ளே போய், காலை வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. இந்த நிலத்தின் உயிர்கள் மழைக்கு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பனிக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அளவு சொற்பம், ஆனால் வரவு நிச்சயம். நமீப்பின் கணக்கெல்லாம் இந்தச் சொற்ப வரவை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

கரையில் நின்றால் வறட்சி என்ற நினைப்பே வராது. ஆழத்திலிருந்து ஏறிவரும் குளிர்நீர் ஊட்டச்சத்தையும் சேர்த்துக் கொண்டுவருவதால் அந்தக் கடல் மீன் வளம் மிக்கது. மீனைத் தேடிக் கடல்நாய்கள் வருகின்றன. கேப் கிராஸ் என்னும் முனையில் அவை பல்லாயிரக்கணக்கில் பாறைமேல் கிடக்கின்றன. வால்விஸ் பேயின் காயலில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 1995இலேயே அது பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே போனால் மூடுபனியில் வழிதவறிய கப்பல்கள் சிதைந்து கிடக்கும் எலும்புக்கூட்டுக் கரை. தெற்கே, 1909இல் தரைதட்டிய எடுவார்ட் போலன் என்னும் கப்பல் இன்று அலைக்குச் சில நூறு மீட்டர் உள்ளே மணலில் புதைந்து நிற்கிறது. மணல் கடலை நோக்கி முன்னேறி, கப்பல் இருந்த இடத்தைக் கரையாக்கிவிட்டது.

கடற்கரையை விட்டுச் சற்றே உள்ளே வாருங்கள். செடியில்லாத சரளைத் தரை. இங்கே டமாரா ஆலா என்னும் சிறு கடற்பறவை முட்டையிடுகிறது. கடலில் மீன் பிடிக்கிற பறவை அலையோரத்தில் கூடு கட்டினால் வசதிதான். ஆனால் அலையோரத்தில் நரி சுற்றுகிறது, ஒதுங்கிய மீனையும் செத்த கடல்நாயையும் தேடி. ஆகவே அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளேகூட வந்து, வெறும் தரையில் ஒற்றை முட்டை இடுகிறது. கூடென்று எதுவும் கிடையாது. முட்டை சரளை நிறத்திலேயே இருக்கும், நாலடி தள்ளி நின்றால் தெரியாது. நரியின் கண்ணுக்குத் தப்பிய இந்த ஏற்பாடு வண்டிச் சக்கரத்துக்குத் தப்பவில்லை. ஓட்டுகிறவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். முட்டையிடும் இடங்கள் சிலவற்றைச் சுற்றி வண்டி நுழையாதபடி தடுத்த பிறகு, அங்கே முட்டைகள் பிழைப்பது கூடியது.

இன்னும் உள்ளே போனால் சரளைச் சமவெளி விரிகிறது. நமீப்பைப் பார்க்க வந்தவர்களில் பலர் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. மணற்குன்று இல்லை, விலங்கு இல்லை, மரம் இல்லை. நண்பகலில் பார்த்தால் கருகிய துகள் படிந்த தரை, அவ்வளவுதான். பனி மூடிய காலையில் அதே இடத்துக்கு வந்து குனிந்து பாருங்கள். கருகிய துகள் என்று நினைத்ததெல்லாம் ஈரம் குடித்து மெத்தென்று விரிந்து ஆரஞ்சும் பச்சையும் சாம்பலுமாக நிறம் கொண்டிருக்கும். இவை லைக்கன்கள், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள். செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான், நமீப்பில் இருக்கும் சில வகைகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேர் கிடையாது. பனியீரம் இருக்கிற இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒளியைப் பிடித்து உணவு செய்து முடிக்க வேண்டும். வெயில் ஏறியதும் காய்ந்து உறங்கிவிடும். இப்படி நாளுக்குச் சில மணி நேரமே வாழ்கிற உயிர் எவ்வளவு வளர்ந்துவிடும்? ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. காய்ந்த நிலையில் மிதித்தால் அப்பளம்கூடத் தோற்றுப்போகும், பொடிப்பொடியாகிவிடும்.

அந்தச் சமவெளியின் மேல்தோல் லைக்கனாலும், ஜிப்சம் என்னும் உப்புப் படிவத்தாலும், நெருக்கமாகப் பதிந்த கூழாங்கற்களாலும் ஆனது. காற்று இதை அரிப்பதில்லை, மழை கரைப்பதில்லை. ஒரு சக்கரம் அதைக் கிழித்தால் கிழிந்தபடியே கிடக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய மாட்டுவண்டித் தடங்கள் இன்னும் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. நமக்கு மழைநாட்டுப் பழக்கம். நாம் நடந்த தடத்தை அடுத்த மழை கழுவிவிடும், புல் மூடிவிடும். தடம் என்றால் தற்காலிகம் என்று நம் உடம்பே நம்புகிறது. சரளைச் சமவெளியில் அந்த நம்பிக்கை செல்லாது. அந்தத் தரை எதையும் மறப்பதில்லை.

இதே சமவெளியில்தான் வெல்விட்சியா வளர்கிறது. ஃபிரெடரிக் வெல்விட்ச் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலாளர் 1859இல் அங்கோலாவின் தெற்கில் இதை முதன்முதலாகக் கண்டபோது, தொட்டால் மறைந்துவிடுமோ என்று மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். லண்டனில் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் 1863இல் இதை விரிவாக விளக்கி எழுதினார். வாழ்நாள் முழுவதற்கும் இந்தச் செடிக்கு இரண்டே இலை. அந்த இரண்டும் அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும், நுனியில் காற்றும் வெயிலும் கிழித்து நார்நாராக்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்குக் குப்பைக் குவியல்போலத் தெரிவது அதனால்தான். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூச்செடி இனமில்லை, பைனைப் போலக் கூம்பு தாங்குவது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த செடிகள் அங்கே இருக்கின்றன. ஸ்வாகொப்முண்டுக்குக் கிழக்கே பெரிய செடி ஒன்றைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். இலையைக் கிள்ளுவார்கள் என்பது மட்டும் காரணமில்லை. அருகே நின்று படம் எடுக்கிறவர்களின் காலடி, மேலோட்டமாகப் பரவிய வேர்களின் மேல் மண்ணை இறுக்கிவிடுகிறது. ஆயிரம் ஆண்டு வறட்சியைத் தாங்கியதற்கு, அன்பாகப் பார்க்க வந்தவர்களின் பாதத்தைத் தாங்குவது கடினமாகிவிட்டது.

இனி தெற்கே திரும்பினால் குய்செப் ஆறு. ஆறு என்றதும் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். கிழக்கே உயர்நிலத்தில் நல்ல மழை பெய்த ஆண்டில் சில நாட்களோ சில வாரங்களோ ஓடும். கடலை எட்டும் ஆண்டுகள் மிகக் குறைவு. மற்ற நேரமெல்லாம் தண்ணீர் மணலுக்கு அடியில் கிடக்கிறது. கரைநெடுக அனா மரங்கள் அந்த அடிநீரை உறிஞ்சி நிழல் தருகின்றன. அவற்றின் சுருண்ட காய்கள் உதிரும் காலத்தில் ஆடுகளுக்குக் கொண்டாட்டம்.

வான்வெளியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் இந்த ஆற்றின் பெருமை விளங்கும். ஆற்றுக்குத் தெற்கே செம்மணல் குன்றுகள், வடக்கே சாம்பல் நிறச் சரளைச் சமவெளி. நடுவில் பச்சைக் கோடு. தெற்குக் காற்று மணலை வடக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. அது ஆற்றுப்படுகையில் வந்து விழுகிறது. எப்போதோ வரும் வெள்ளம் அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. எப்போதாவது ஓடும் ஓர் ஆறு, மணற்கடலைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. கடலை நெருங்கும் இடத்தில் மட்டும் மணல் அதைத் தாண்டிவிட்டது.

இந்த ஆற்றோரத்தில் டாப்னார் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் வாழ்வோடு பின்னியது நாரா. பூசணி, வெள்ளரி குடும்பத்துச் செடி, ஆனால் இலை கிடையாது. முள்ளும் பச்சைத் தண்டுமே இலையின் வேலையைச் செய்கின்றன. வேர் பல மீட்டர் ஆழம் இறங்கி அடிநீரைத் தொடும். பழத்தின் சதையைக் காய்ச்சி, விதையைப் பிரித்து, கூழை மணலில் ஊற்றி அப்படியே காயவைத்து வைத்துக்கொள்வார்கள். விதை விற்பனைக்கும் போகும். எந்தப் புதர் யாருக்கு என்பதில் குடும்பங்களுக்கு இடையே வழிவழியாக வந்த உரிமைகள் உண்டு. வெளியூர்க்காரருக்கு வெறும் முள்மேடாகத் தெரிவது அங்கே ஒரு வீட்டின் தோட்டம். கரையோர ஊர்களும் சுரங்கங்களும் பெருகியபோது இந்த ஆற்றின் அடிநீரைக் குழாய் வைத்து எடுக்கத் தொடங்கினார்கள். நீர்மட்டம் இறங்கினால் முதலில் வாடுவது நாராவும் அனாவும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2010இல் அந்தக் கரையில் வந்தது. ஒரு யுரேனியச் சுரங்கத்துக்காகக் கட்டப்பட்டது அது. ஆற்றின் மேல் சுமையைக் குறைக்க அதுபோன்ற வழிகள் தேவைதான்.

குய்செப்பின் மேல்பகுதி ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டாம் உலகப் போரின்போது, ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்னும் இரண்டு ஜெர்மானிய நிலவியலாளர்கள் போரில் சிக்க விரும்பாமல், ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து ஒளிந்தார்கள். பாறைப் பொந்தில் இரண்டரை ஆண்டுகள் வாழ்ந்தார்கள். விலங்குகள் போகும் தடத்தைப் பின்தொடர்ந்து தண்ணீர் கண்டுபிடித்தார்கள். சத்துக்குறைவால் கோர்னுக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் வெளியே வந்தார்கள். அந்த வாழ்வைப் பற்றி மார்ட்டின் எழுதிய நூல் பல மொழிகளில் படிக்கப்படுகிறது. அவர்களை அத்தனை காலம் உயிரோடு வைத்தது வீரத்தைவிட, மானும் பறவையும் எங்கே போகின்றன என்று பொறுமையாகப் பார்த்த பழக்கம்தான்.

ஆற்றைத் தாண்டினால் மணற்கடல். 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது இதைத்தான், 30 இலட்சம் ஹெக்டேருக்கு மேல். இந்த மணல் அங்கேயே பிறந்ததில்லை. பெரும்பகுதி, தொலைவில் உள்ள மலைகளிலிருந்து ஆரஞ்ச் ஆறு அரித்துக்கொண்டு வந்து கடலில் கொட்டியது. கடல் அதைக் கரையோரமாக வடக்கே நகர்த்தி ஒதுக்க, காற்று நிலத்துக்குள் ஏற்றியது. கரையோரத்தில் வெளிறிய மணல், உள்ளே போகப்போக இரும்புத் துரு ஏறிச் சிவக்கிறது.

இங்கே தரையின் சுபாவம் தலைகீழ். காலையில் நீங்கள் ஏறிய தடத்தை மாலைக் காற்று துடைத்துவிடும். மணல் மறந்துவிடுகிறது. ஆனால் விடியலில், காற்று எழுமுன், முந்தைய இரவு நடந்ததெல்லாம் அதில் பதிந்திருக்கும். பக்கவாட்டில் வீசி வீசி நகரும் பெரிங்கே விரியனின் சாய்ந்த கோடுகள். மணலுக்குள் நீந்திப்போன கோல்டன் மோல் என்னும் பார்வையற்ற சிறு பாலூட்டியின் கீறல். வெயில் ஏறி மேல்மணல் 60 டிகிரியைத் தாண்டும்போது, ஒரு பல்லி முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றுமாக மாற்றி மாற்றித் தூக்கி நிற்கும், பிறகு மணலுக்குள் பாய்ந்துவிடும். செடியே இல்லாத குன்றில் இவையெல்லாம் எதைத் தின்கின்றன? குளிர்காலத்தில் கிழக்கே உயர்நிலத்திலிருந்து வீசும் சூடான காற்று காய்ந்த புல்லையும் விதையையும் துகளையும் அள்ளிவந்து குன்றின் சரிவில் குவிக்கிறது. வண்டுகள் அதைத் தின்கின்றன, வண்டுகளைப் பல்லி தின்கிறது, பல்லியை விரியன் தின்கிறது. சோறு கிழக்கிலிருந்து, தண்ணீர் மேற்கிலிருந்து. இரண்டையும் காற்றுதான் கொண்டுவருகிறது.

அந்தத் தண்ணீரைக் குடிக்கும் விதம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. குய்செப் கரையில், கடலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே கோபாபெப் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1962இல் சார்லஸ் கோக் என்னும் பூச்சியியலாளர் தொடங்கியது. அவருக்குப் பின் மேரி சீலி பல ஆண்டுகள் அதை வழிநடத்தினார். வில்லியம் ஹாமில்டன் என்னும் ஆய்வாளரும் சீலியும் 1976இல் ஒரு வண்டைப் பற்றி எழுதினார்கள். பகலில் திரிகிற அந்த வண்டு, பனி வரும் இரவில் மட்டும் குளிரில் எழுந்து குன்றின் உச்சிக்கு ஏறுகிறது. காற்றை நோக்கி முதுகைத் திருப்பித் தலைகீழாக நிற்கிறது. முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு வாய்க்கு வழிகிறது. ஒரே காலையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான தண்ணீரைக்கூடக் குடித்துவிடும். வேறொரு வண்டு இனம் மணலில் சிறு வரப்பு கட்டி அதில் படியும் ஈரத்தை உறிஞ்சுகிறது.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. 2001இல் வேறோர் ஆய்வு, முதுகில் புடைப்புகள் கொண்ட இன்னொரு நமீப் வண்டைக் காட்டி, அந்தப் புடைப்புகளே பனியைப் பிடிக்கின்றன என்றது. பொறியியலாளர்கள் அதைப் பார்த்துத் தண்ணீர் பிடிக்கும் பரப்புகள் செய்ய முனைந்தார்கள். செய்தி உலகம் சுற்றியது. 2010இல் வெளிவந்த ஆய்வில் நான்கு வண்டினங்களைப் பனியில் விட்டுப் பார்த்தார்கள். தலைகீழாக நின்று குடித்தது, ஹாமில்டனும் சீலியும் எழுதிய வழவழப்பு முதுகு வண்டு மட்டுமே. புகழ்பெற்ற புடைப்பு வண்டு அப்படி நிற்கவே இல்லை. புடைப்பை வைத்துப் பிறந்த கண்டுபிடிப்புகள் பயனுள்ளவையாக இருக்கலாம். ஆனால் வண்டு என்ன செய்கிறது என்பதை அதைப் பனியில் நேரில் பார்த்தவர்களே சொல்ல முடிந்தது.

மறக்கும் மணலுக்கு நடுவிலும் மறக்காத திட்டுகள் உண்டு. சோசுஸ்ஃப்ளே அருகே டெட்ஃப்ளே என்னும் வெண்களிமண் தரையில், பட்டுப்போன ஒட்டக முள் மரங்கள் பல நூற்றாண்டுகளாகக் கருத்து நிற்கின்றன. அங்கே வந்துகொண்டிருந்த ஓர் ஆற்றின் வழியை மணல் அடைத்ததும் மரங்கள் செத்தன. மக்குவதற்குக்கூட ஈரம் இல்லாததால் விழாமல் நிற்கின்றன. இன்றைக்குப் பயணிகள் அதிகம் படம் எடுக்கும் இடம் இதுதான். அந்த மரத்தில் சாய்ந்தாலும் ஏறினாலும் ஒடிந்தது ஒடிந்ததுதான், இன்னொன்று முளைக்காது.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. விடியலுக்கு முன் எழுங்கள், பத்து மணிக்கு மேல் அந்த நிலம் உங்களுக்கு ஒன்றும் காட்டாது. வானம் வெளுத்திருந்தாலும் காய்ந்த ஆற்றுப்படுகையில் கூடாரம் போடாதீர்கள், மழை நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்து வெள்ளமாக வரும். மணற்குன்றில் நடக்கலாம், சறுக்கலாம். ஆனால் குன்றுகளுக்கு இடைப்பட்ட சரளைப் பள்ளத்தில் கவனம் வேண்டும், அங்கே ஆலா முட்டையிட்டிருக்கலாம். சரளைச் சமவெளியில் ஏற்கெனவே உள்ள பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, திரும்புவதற்கும் வழிவிடுவதற்கும்கூட. எந்தத் தரை என்று தெரியாவிட்டால் மறக்காத தரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நமீபியா 1990இல் விடுதலை பெற்றபோதே சூழலைக் காப்பதை அரசமைப்புச் சட்டத்தில் எழுதியது. 2010இல் ஸ்வாகொப்முண்டையும் வால்விஸ் பேயையும் சூழ்ந்த கடலோரத்தை டோரோப் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அங்கே வண்டியோட்டிகளை முற்றாக விரட்டவில்லை. ஓட்டலாம் என்று சில மணற்பகுதிகளை ஒதுக்கி, லைக்கன் வெளியையும் ஆலாவின் இடங்களையும் தடுத்தார்கள். இந்த அணுகுமுறை எனக்குச் சரியென்று படுகிறது. நிலம் முழுவதையும் ஒரே விதியால் ஆள நினைத்தால், யாரும் கீழ்ப்படிய மாட்டார்கள், அல்லது யாருமே உள்ளே போக மாட்டார்கள். பார்க்காத நிலத்துக்காகப் பேச ஆள் கிடைப்பதில்லை. தரைக்குத் தரை விதி வேறாக இருக்க வேண்டும், அந்த வேறுபாட்டைச் சொல்ல அந்தத் தரையைக் குனிந்து பார்த்தவர்கள் வேண்டும். சுரங்கம் கேட்டும், துறைமுகம் கேட்டும், மின்நிலையம் கேட்டும் இனி வருகிறவர்கள் எல்லோரும் அங்கே ஒன்றுமில்லையே என்றுதான் வாதத்தைத் தொடங்குவார்கள். அதற்கு மறுமொழி சொல்ல உணர்ச்சி போதாது. எந்த மேட்டில் நாரா, எந்தப் பள்ளத்தில் முட்டை, எந்த வெளியில் லைக்கன் என்று இடம் குறித்துச் சொல்லும் வரைபடம் வேண்டும். அதைத் தயாரிக்கிற வேலைக்கு நடந்து திரியும் ஆர்வலர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?